பரந்தூரில் மண் கொட்டும் முன் நீர்க்கணக்கைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைக்கு இரண்டாவதாகக் காஞ்சிபுரம் பக்கத்தில் வரவிருக்கும் பரந்தூர் விமான நிலையம் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை ஒன்று விடாமல் படிக்கிறேன். எத்தனை ஏக்கர், எத்தனை கோடி, ஆண்டுக்கு எத்தனை பயணிகள், மெட்ரோ ரயில் எந்த வழியாக என்றெல்லாம் விவரமாக வருகிறது. அங்கே பெய்கிற மழைத் தண்ணீர், திட்டம் வந்த பிறகு எந்த வழியாகப் போகும், எவ்வளவு வேகமாகப் போகும், யார் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்பது மட்டும் வருவதில்லை. வந்தாலும் 'நீர்நிலைகள் பாதுகாக்கப்படும்' என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு வரைபடம் இருந்தாக வேண்டும். அதைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் பொதுப்பணித் துறையின் நீர்வளப் பிரிவில் வரைதொழில் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது அது நீர்வளத் துறை என்று தனியாகிவிட்டது. காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஏரிப் படங்களை வரைவதிலும் திருத்துவதிலும்தான் என் சர்வீஸின் பெரும்பகுதி கழிந்தது. டிரேசிங் துணியில் பேனாவால் கரை, மதகு, கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரி நீர் வழிகிற இடம்), வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய் என்று கோடு இழுத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகு வெளியே வந்தேன். இன்றைக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பஸ்ஸில் போனால், சாலையோரம் தெரிகிற ஏரியின் உபரி நீர் எந்த ஏரிக்குப் போகும் என்று மனம் தானாகத் தேடும்.

குடியிருப்பது அனகாபுத்தூரில். அடையாறு நடக்கிற தூரம். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் எங்கள் தெருவுக்கு மேலே சக்கரத்தை நீட்டிக்கொண்டு போவது மொட்டை மாடியிலிருந்து நன்றாகத் தெரியும். அதனால் விமான நிலையத்தை நான் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவள். தண்ணீர் புறப்படுகிற பக்கத்தைப் படத்தில் பார்த்தேன். அது வந்து சேருகிற பக்கத்தில் குடியிருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விமான நிலையத்துக்கு எதிரானவள் இல்லை. எங்கள் தெருவில் அதை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் பல. எதிர்வீட்டுத் தம்பி சரக்கு முனையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. பின்தெருவில் ஓர் அம்மா, இரவு ஷிப்டில் முனையத்துக்குள் துப்புரவுப் பணி. வாடகைக் கார் ஓட்டுகிறவர்களைக் கணக்கெடுக்கவே முடியாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் செய்கிற செல்போனும் கார் உதிரிபாகமும் இங்கிருந்துதான் பறக்கின்றன. மீன், பூ, காய்கறி, தோல் பொருள்கள் எல்லாம் அதே வழிதான். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் தேவை என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. பெங்களூரு 2008இல் தேவனஹள்ளியில் புதிதாகத் தொடங்கியது. பிறகு இரண்டாவது ஓடுபாதையும் போட்டார்கள். 2024இல் ஆண்டுக்கு நான்கு கோடிப் பயணிகளைத் தாண்டிவிட்டார்கள். நாம் இரண்டு கோடிச் சொச்சத்தில் நிற்கிறோம். ஒரு காலத்தில் பம்பாய், டெல்லிக்கு அடுத்தது சென்னைதான் என்று பேசிய நாம், இன்று பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் பின்னால் போனது வருத்தமாகத்தான் இருக்கிறது.

மீனம்பாக்கத்தை இதற்கு மேல் பெரிதாக்க முடியாததற்குக் காரணம் இடம். மொத்தமே 1,300 ஏக்கர் அளவில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் ஜிஎஸ்டி சாலையும் ரயில் பாதையும். அதை ஒட்டித் திரிசூலம், பல்லாவரம் மலைகள். பரங்கிமலைப் பக்கம் ராணுவ நிலம். மிச்சமிருக்கிற பக்கத்தில் அடையாறு. இரண்டு ஓடுபாதைகள் இருப்பது உண்மைதான். ஆனால் அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. பெங்களூரு மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இல்லாததால், ஒன்றில் விமானம் ஓடும்போது மற்றொன்று காத்திருக்க வேண்டும்.

கட்டடங்கள் மட்டும் வளர்ந்துகொண்டே வந்தன. 1954இல் மீனம்பாக்கம் பக்கத்தில் பழைய முனையம். எண்பதுகளில் திரிசூலத்தில் புதிய உள்நாட்டு முனையமும் பன்னாட்டு முனையமும், அவற்றுக்குக் காமராஜர், அண்ணா பெயர்கள். 2013 ஜனவரியில் கண்ணாடிச் சுவரோடு புதிய கட்டடங்கள். 2023 ஏப்ரல் 8ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்த, 1,260 கோடி ரூபாய் செலவிலான ஒருங்கிணைந்த முனையம். உள்ளே கோலமும் சேலை வண்ணமுமாக அலங்கரித்திருக்கிறார்கள். மகளை வழியனுப்பப் போனபோது வெளியிலிருந்து எட்டிப் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது.

கட்டடத்தை உயர்த்தலாம், அகலப்படுத்தலாம். ஓடுபாதை அப்படியில்லை, அதற்குத் தரைதான் வேண்டும். இரண்டாவது ஓடுபாதையை நீட்ட வேறு வழியில்லாமல் அடையாற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டி, அதன் மேல் கொண்டுபோனார்கள். கொளப்பாக்கம், மணப்பாக்கம், கெருகம்பாக்கம், தரப்பாக்கம் மக்கள் அந்தச் சமயத்தில் நிலம் போய்விடுமோ என்று வருடக்கணக்கில் தூக்கமில்லாமல் இருந்தார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் மனையை விற்க முடியாது, வங்கியில் கடன் கிடைக்காது. அதைத் தனிக் கடிதமாக எழுத வேண்டும். எனக்கு அன்றைக்கே உறுத்திய விஷயம் வேறு. ஆறு விரியக்கூடிய இடத்தில், பாலத் தூண்களுக்கு நடுவே இவ்வளவு அகலத்தில்தான் போக வேண்டும் என்று அதற்கு அளவு வைத்துவிட்டோம். நம் ஊர் ஆற்றுக்கு வருடத்தில் பத்து மாதம் அந்த அளவு தாராளம். ஐப்பசி, கார்த்திகையில்தான் போதாமல் போகும்.

2015 டிசம்பர் 1ஆம் தேதியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அன்று இரவு ஆறு ஓடுபாதைக்குள் புகுந்தது. முனையத்துக்குள் இருந்த பயணிகள் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். விமானங்கள் தண்ணீருக்குள் நின்றன. நாட்டின் நான்காவது பெரிய நகரத்துக்கு நாள் கணக்கில் விமானமே இல்லை. அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளத்தைத் திறந்துவிட்டு, அங்கிருந்து பயணிகள் விமானங்களை இயக்கினார்கள். சிங்கப்பூரிலிருந்து வர வேண்டிய என் மகள் பெங்களூரில் இறங்கி, பஸ் பிடித்து, எங்கள் தெருவுக்குள் வர வழியில்லாமல் குரோம்பேட்டையில் உறவினர் வீட்டில் தங்கினாள். நாங்கள் இங்கே மாடியில் இருந்தோம். கீழ்த்தளத்தில் மார்பளவு தண்ணீர். என் மாமியார் காலத்து மர பீரோ, பிள்ளைகளின் சான்றிதழ்கள், நான் ஆசையாக வைத்திருந்த வரைகருவிப் பெட்டி எல்லாம் சேற்றோடு போயின.

செம்பரம்பாக்கத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பழகிவிட்டோம். படம் வரைந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அது பாதிக் கதைதான். அடையாறு தொடங்குவது ஆதனூர் ஏரிப் பக்கத்தில். மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக அந்தப் பகுதி ஏரிகளின் உபரி நீரையெல்லாம் சேர்த்துக்கொண்டுதான் வருகிறது. திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்துப் போக்குக் கால்வாய் வந்து அதோடு சேருகிறது. சேர்ந்த தண்ணீர் அடுத்துப் பார்ப்பது எங்கள் அனகாபுத்தூரையும் கவுல் பஜாரையும் விமான நிலையத்தையும்தான். அதற்குப் பிறகுதான் நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை எல்லாம்.

விமான நிலையத்துக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. திரிசூலம், பல்லாவரம் மலைச்சரிவில் பெய்கிற மழை ஆற்றை நோக்கித்தான் இறங்கும். நடுவில் இருப்பது விமான நிலையம். அந்த நீரும், ஓடுபாதை மேலேயே விழுகிற மழையும் வடிகால்கள் வழியாக அடையாற்றில் விழ வேண்டும். ஆறு தாழ்வாக ஓடும்போது விழும். ஆற்று மட்டம் வடிகாலின் வாயை மூடிவிட்டால் விழாது, எதிர்த்து வரும். பம்ப் வைத்து இறைத்தாலும் அதே ஆற்றில்தான் கொட்ட வேண்டும். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலில் ஓடுபாதை மறுபடியும் குளமாகி, மறுநாள் காலை வரை விமான நிலையம் மூடியிருந்தது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயலுக்கும் மூடினார்கள். போகிப் புகையால் விமானம் தாமதமாவது ஒரு காலை நேரத்துத் தொல்லை, வெயில் ஏறினால் கலைந்துவிடும். தண்ணீர் அப்படிப் போகாது. ஆற்று மட்டம் இறங்குகிற வரை காத்திருந்துதான் ஆக வேண்டும்.

சரி, பழைய கதையை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பரந்தூர் வேறு உலகத்தில் இல்லை. அதே தண்ணீர் வழியின் மேல்பக்கத்தில்தான் இருக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிகள் தனித்தனி ஏரிகள் அல்ல. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால், அந்த உபரிதான் கீழ் ஏரிக்கு வரத்து. படிக்கட்டு மாதிரி ஒன்றுக்குக் கீழே ஒன்றாக அமைத்திருக்கிறார்கள். பரந்தூர் பகுதியில் கம்பன் கால்வாய் என்று ஒன்று போகிறது. ஊர்க்காரர்கள் கம்பக்கால் என்பார்கள். பாலாற்றுத் தண்ணீரை வழியெல்லாம் ஏரிகளுக்குக் கொடுத்துக்கொண்டே ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குக் கொண்டுபோகிற பழைய கால்வாய் அது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரி செம்பரம்பாக்கத்துக்கு. செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றுக்கு. அடையாறு மீனம்பாக்கத்து ஓடுபாதைப் பாலத்துக்குக் கீழே. புதிய விமான நிலையம் கேட்கிற இடத்தில் விழுகிற மழை, பழைய விமான நிலையத்தின் வாசலுக்கு வந்துதான் கடலுக்குப் போகிறது. இந்த ஒரு விஷயத்தைக் கூட்டம் போட்டுப் பேசுகிற யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பாலைவனத்தில் விமான நிலையம் கட்டுவதுபோலப் பேசுகிறார்கள்.

2022 ஆகஸ்டில் பரந்தூர் என்று அறிவித்தார்கள். பதின்மூன்று கிராமங்களில் ஐயாயிரம் ஏக்கருக்கும் மேல். அதில் கால் பங்குக்கு மேல் ஏரி, குளம், கால்வாய் என்று செய்திகளில் வந்தது. முதலில் சொன்ன மதிப்பீடு 20,000 கோடி ரூபாய். முழுதாக முடியும்போது ஆண்டுக்குப் பத்துக் கோடிப் பயணிகள் வந்துபோகலாம் என்றார்கள். 2025இல் மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதலும் கிடைத்துவிட்டது.

இனி என் கணக்கு. ஐயாயிரம் ஏக்கர் என்றே வைத்துக்கொள்வோம். அது சுமார் 20 சதுர கிலோமீட்டர். தாம்பரத்தில் 2015இல் பெய்த அதே 49 சென்டிமீட்டர் மழை அங்கே ஒரு நாள் பெய்தால், விழுகிற தண்ணீர் ஏறக்குறைய 350 மில்லியன் கன அடி. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவே 3,645 மில்லியன் கன அடிதான். அதில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் அந்த நிலத்தின் மேல் ஒரே நாளில் விழும். இன்றைக்கு அது வயலில் வரப்பளவு நிற்கும், ஏரியில் தங்கும், மண்ணில் இறங்கும், மிச்சம் நாலைந்து நாள் எடுத்துக்கொண்டு கீழே வரும். அதே நிலத்தை மேடாக்கி, ஓடுபாதையும் நிறுத்துமிடமும் முனையமும் சாலையும் போட்டால் அது நிற்காது, ஓடும். முழுவதும் ஒரே நாளில் ஓடினால் விநாடிக்கு 4,000 கன அடி. எல்லா நிலமும் கான்கிரீட் ஆகப்போவதில்லை, ஓடுபாதை ஓரங்களில் புல்தரை இருக்கும், அதனால் இந்த எண் குறையும். எவ்வளவு குறையும் என்பதைத்தான் பொறியாளர்கள் காட்ட வேண்டும். பாதியாகவே குறைந்தாலும், மழைநாளில் ஏற்கெனவே தளும்புகிற ஏரிகளுக்கு அது கூடுதல் சுமை. அதைத் தாங்கப் புதிய ஏரி வெட்டுவார்களா, இருக்கிற ஏரிகளைத் தூர்வாரிக் கரையை உயர்த்துவார்களா, எங்கே, எத்தனை அடி? இதற்குப் பதில் எண்ணாக வேண்டும்.

கால்வாயைத் திருப்பி விட்டால் போயிற்று என்று சிலர் சுலபமாகச் சொல்கிறார்கள். காகிதத்தில் திருப்புவது ஐந்து நிமிட வேலை. நிலத்தில் அப்படி இல்லை. அந்தப் பக்கத்துக் கால்வாய்களுக்கு மோட்டார் கிடையாது, மட்டம்தான் எல்லாம். நீண்ட தூரத்துக்குச் சில அடிச் சரிவை வைத்துத் தண்ணீரை நடத்திக் கூட்டிப்போயிருக்கிறார்கள். விமான நிலையத்தைச் சுற்றி வளைத்தால் கால்வாயின் நீளம் கூடும். நீளம் கூடினால் இருக்கிற சரிவு இன்னும் மெலியும், தண்ணீர் தேங்கும், வண்டல் படியும். அப்புறம் வழியில் இருக்கிற ஏரிகளின் மதகு மட்டம், கலங்கல் மட்டம் எல்லாம் எப்போதோ நிர்ணயித்தவை. ஒரு ஏரிக்கு வருகிற தண்ணீர் ஓரடி கீழே வந்தாலும் அந்த ஏரி நிரம்பாது. அது நிரம்பாவிட்டால் அதற்குக் கீழே இருக்கிற ஏரிக்கு வரத்து இல்லை. மழைக்காலத்தில் வெள்ளம், மாசியில் வறட்சி என்று இரண்டு கஷ்டமும் ஒரே ஊருக்கு வரும்.

ஓடுபாதைக்கோ இதற்கு நேர்மாறான தேவை. அதன் சரிவு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. கிலோமீட்டர் கணக்கில் ஒரே சீரான தரை வேண்டும். ஏரி நிலத்தில் அப்படிச் சீராக்க வேண்டுமானால் பள்ளத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும். அந்தப் பள்ளம்தான் ஏரி. இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. விமானத்துக்குப் பறவை ஆகாது. ஏரி இருந்தால் பறவை வரும். இன்று வேலிக்கு வெளியே விட்டுவைக்கிற ஏரிகூட நாளைக்கு விமானப் பாதுகாப்புக்கு இடைஞ்சலாகத் தெரியலாம். அப்போது யார் பேச்சு எடுபடும் என்று நினைக்கிறீர்கள், ஏரித் தண்ணீரை நம்பிப் பயிர் செய்கிற ஆயக்கட்டு விவசாயியின் பேச்சா?

நீரியல் விஷயங்களை ஆராய ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி மச்சேந்திரநாதன் தலைமையில் மாநில அரசு ஒரு நிபுணர் குழு அமைத்தது. நல்ல காரியம். அந்தக் குழுவின் கணக்கு ஒவ்வொரு கிராமத்துக்கும் தமிழில் போய்ச் சேர வேண்டும் என்பது என் கோரிக்கை. ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்க அறிக்கையை இணையத்தில் ஏற்றிவிட்டால் கடமை முடிந்துவிடாது. ஒரு பெரிய படம் போதும். எந்த ஏரி போகிறது, எது இருக்கிறது, எந்தக் கால்வாய் எங்கே வளைகிறது, ஒவ்வோர் இடத்திலும் இப்போதைய தரைமட்டம் என்ன, நிரப்பிய பிறகு என்ன, பெருமழை பெய்தால் எந்தக் கலங்கலில் எத்தனை கன அடி வழியும். என்னோடு வேலை பார்த்தவர்கள் இப்படிப்பட்ட படத்தை ஒரு ஏரி மராமத்துக்கே வரைந்து கொடுத்திருக்கிறோம். ஆயிரக்கணக்கான கோடித் திட்டத்துக்கு வரைய முடியாதா?

அந்த மக்களுக்குப் படம் புரியாது என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். சர்வீஸில் இருந்தபோது சர்வே குழுவோடு அந்தப் பக்கக் கிராமங்களுக்குப் போயிருக்கிறேன். படத்தில் எங்களுக்குச் சந்தேகம் வந்த இடங்களில் எல்லாம் தீர்த்துவைத்தது ஊர்ப் பெரியவர்கள்தான். 'இந்தக் கலங்கல் வழிஞ்சா ரெண்டாம் நாள் அந்தப் புளியமரத்துக்கிட்ட தண்ணி வந்துடும்மா' என்று ஒருவர் கையை நீட்டிச் சொன்னார். மட்டக்கருவி வைத்துப் பார்த்தோம், அவர் சொன்னது அங்குலம் பிசகவில்லை. திட்டத்தில் நிலம் போகிற கிராமங்களில் ஒன்றான ஏகனாபுரத்தில், அறிவிப்புக்கு முன்பே, 2022 ஜூலையிலிருந்து போராடுகிறார்கள். பகலெல்லாம் வயலில் நின்றுவிட்டு, மாலையில் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். அவர்களுக்கு வயலும் ஏரியும் மட்டுமல்ல, வீடே போகிறது. இழப்பீடு கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று சுருக்கிப் பேசுவது அநியாயம். அந்த மண்ணின் தண்ணீரைத் தலைமுறையாக அளந்து வைத்திருப்பவர்கள் அவர்கள். அவர்களை எதிர்த் தரப்பாக நிறுத்தாமல் சாட்சியாகக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்க வேண்டும்.

என் நிலைப்பாட்டை மறைக்காமல் சொல்கிறேன். நீர்க்கணக்கு பொதுமக்கள் முன்னால் வைக்கப்பட்டு, மற்ற பொறியாளர்கள் அதைச் சரிபார்த்து, கீழே இருக்கிற ஸ்ரீபெரும்புதூருக்கும் குன்றத்தூருக்கும் அனகாபுத்தூருக்கும் கூடுதல் வெள்ளம் வராது என்று காட்டுகிற வரை பரந்தூரில் ஒரு லாரி மண்கூடக் கொட்டக் கூடாது. கணக்கு தேறாவிட்டால் இடத்தை மாற்ற வேண்டும். தாமதமானால் பெங்களூரு இன்னும் முந்திவிடும் என்று சொல்வார்கள். முந்தட்டும். மழைக்கு மழை மூடுகிற இரண்டு விமான நிலையங்களை வைத்துக்கொண்டு நாம் யாரையும் பிடிக்கப் போவதில்லை.

பரந்தூர் வர இன்னும் பல வருடம் ஆகும். அதுவரைக்கும் மீனம்பாக்கம்தான் நமக்குக் கதி, வந்த பிறகும் அதை மூடப்போவதில்லை என்கிறார்கள். அதனால் ஒவ்வொரு வருடமும் அக்டோபர் பிறப்பதற்குள் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. ஓடுபாதைப் பாலத்துக்குக் கீழேயும் அதற்கு மேலும் கீழுமாக ஆற்றில் படிகிற வண்டலையும் ஆகாயத்தாமரையையும் அகற்ற வேண்டும். பாலத்துக்குள் விமான நிலையத்தாரும் வெளியே நீர்வளத் துறையுமாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கு ஆள் கைகாட்டாமல், ஒரே உத்தரவில், ஒரே வாரத்தில் நடக்க வேண்டும். பாலத் தூணில் தூரத்திலிருந்தே படிக்கும்படி அளவுகோல் வரைந்து, மழைக்காலத்தில் அந்த மட்டத்தை மணிக்கு ஒரு முறை வெளியிட வேண்டும். செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி இருக்கிறது என்று தினமும் டிவியில் சொல்கிறார்கள். எங்களுக்கு அதைவிட உதவியாக இருக்கப்போவது திருநீர்மலையிலும் ஓடுபாதைப் பாலத்திலும் ஆறு எத்தனை அடி ஓடுகிறது என்பதுதான். விமானத்தைத் திருப்பி விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறவருக்கும், கீழ்வீட்டுச் சாமானை மாடிக்கு ஏற்றுவதா வேண்டாமா என்று தவிக்கிற எங்களுக்கும் அதே எண்தான் வேண்டும்.

பரந்தூர் வரைபடம் ஏகனாபுரம் கிராம சபையில் வைக்கப்படுமானால், எந்தச் சம்பளமும் எதிர்பார்க்காமல் நான் வரத் தயார். மட்டக் கோடுகளைப் படித்து, எந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்கிறவர்களுக்கு விளக்குவேன். என்னோடு ஓய்வு பெற்றவர்களில் இன்னும் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாள் குறித்துச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரைதொழில் அலுவலர் ஒருவர்,
அனகாபுத்தூர், சென்னை.